உறுதிப் பையை ஒருக்கால் அவிழ்த்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையின் வீட்டுக்குறிப்புப் பகுதியில், அலுமாரிக்குள் வெள்ளிப்பூச்சி வந்தால் நாலு பூச்சி உருண்டையைப் போட்டு இறுக மூடிவிடும்படி எழுதியிருந்தீர்கள். மூன்றே மூன்று வரி. அதில் இரண்டு பிழை. உருண்டை ஒன்று, இறுக மூடுவது மற்றது. இரண்டாவது பிழையால் நானே கெட்டுப் போயிருக்கிறேன் என்பதால்தான் பேனாவை எடுத்தேன்.

நான் எழுதிப் பழகியவன் அல்லன். மற்றவர்கள் எழுதியதைக் கட்டிக் கொடுத்தவன். 1968இல், பதினைந்து வயதில், யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் ஓர் அச்சகத்தின் பின்கொட்டிலில் புத்தகம் கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறுமுக நாவலர் பெருமான் 1849இல் அச்சியந்திரம் கொண்டுவந்து வைத்த ஊர் என்பதால், அந்தப் பக்கத்தில் கடுதாசி வேலை செய்பவனுக்கு அப்போது ஒரு மரியாதை இருந்தது. சம்பளம் அந்த அளவுக்கு இருக்கவில்லை. கணக்குப் புத்தகம், பாடசாலை இடாப்பு, பஞ்சாங்கம், பழைய புராணப் பிரதி என்று எல்லாம் கட்டினேன். ஆனால் எண்ணிக்கையில் அதிகம் கல்வெட்டுத்தான், இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் சிறு புத்தகம். ஊரில் ஒருவர் மோசம் போனால் முப்பத்தோராம் நாளுக்கு முதல் கல்வெட்டு கையில் இருக்க வேண்டும். இரவிரவாகத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தொழிலில் நாற்பது வருடம் இந்தப் பூச்சியோடு மல்லுக்கு நின்றவன் கடைசியில் சொந்த வீட்டில் தோற்றுப்போன கதைதான் கீழே வருவது.

முதலில் உருண்டையை முடித்துவிடுகிறேன். நப்தலீன் ஆவி மூடிய பெட்டிக்குள் கனமாக நின்றால்தான் பூச்சிக்கு ஏதாவது செய்யும். நாளுக்கு நாலு தரம் திறந்து மூடுகிற அலுமாரியில் அது எங்கள் மூக்குக்குத்தான் வேலை கொடுக்கும். அதைவிடப் பெரிய விடயம் குழந்தைகள். ஜி6பிடி என்று ஒரு நொதியம் பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். பார்த்தால் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு உருண்டை போட்டு வைத்த உடுப்பை எடுத்து அப்படியே போட்டால் இரத்தத்தில் செங்குழியங்கள் உடைந்து மஞ்சட்காமாலை வரலாம். எடுத்து வாய்க்குள் போட்டுவிட்டால் சொல்லத் தேவையில்லை. வெள்ளையாய், உருண்டையாய், இனிப்பு மாதிரித்தான் கிடக்கும். பிள்ளைத்தாய்ச்சிகள் வாசிக்கிற பக்கத்தில் இதைச் சொல்லாமல் உருண்டையை மட்டும் சொன்னது சரியில்லை.

இனிப் பூச்சிக்கு வருவோம். பின்னிரவில் எழும்பிக் குசினி விளக்கைப் போட்டால் தொட்டிக்கு அருகில் ஒன்று வளைந்து நெளிந்து ஓடி வெடிப்புக்குள் மறைகிறதே, அதுதான். நான் வேலை பழகிய காலத்தில் புத்தகத்தைத் தின்னும் எல்லாவற்றுக்கும் ராமபாணம் என்ற ஒரு பெயர்தான். கொட்டிலில் இருந்த பெரியவர்தான் பிரித்துக் காட்டினார். மட்டையில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை அம்பு விட்டதுபோல் ஒரே நேராகத் துளை போனால் அது ஒரு சிறு வண்டின் புழு. பெயர் அதற்குத்தான் பொருத்தம். துளை வாயில் மாப்போலத் தூள் கொட்டிக் கிடக்கும். மண் ஒட்டியிருந்தால் செல்லு, அதாவது கறையான், வேறு பேச்சில்லை. வெள்ளிப்பூச்சி துளைக்காது, சுரண்டும். தாளின் மேல்தோலை மெல்ல மெல்ல வழித்தெடுக்கும். விளக்குக்கு நேரே பிடித்தால் சுரண்டிய இடம் எண்ணெய் பட்டதுபோல வெளிறித் தெரியும். இன்னும் கொஞ்ச நாளில் அந்த இடம் பொத்தல். ஓரங்கள் ஒழுங்கில்லாமல், உலக வரைபடத்தில் தீவுகளைப் போல இருக்கும். பக்கத்தில் மிளகுத்தூள் மாதிரிக் கறுப்புப் பொடியும், தொட்டால் விரலில் மினுங்கும் சாம்பல் நிறத் தூசும் இருந்தால் ஆள் இவர்தான்.

ஒன்றைப் பிடித்துக் கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு, எழுத்துக் கோக்கிறவர் வைத்திருந்த பூதக்கண்ணாடியால் நான் பார்த்திருக்கிறேன். தலைப்பக்கம் அகன்று வால்பக்கம் ஒடுங்கி, கெளுத்தி மீசை மாதிரி முன்னால் இரண்டு உணர்கொம்பு, பின்னால் மூன்று வால். சிறகு இல்லை. உடம்பு முழுக்க மீன்செதில் போலச் செதில். கையால் பிடித்தால் செதிலை விரலில் விட்டுவிட்டுத் தப்பிவிடும். குஞ்சும் தாய் மாதிரியே இருக்கும், புழுப்பருவம் கூட்டுப்பருவம் ஒன்றும் கிடையாது. வளர்ந்த பிறகும் சாகும்வரை தோலுரித்துக்கொண்டே இருக்கும், உரித்த தோலையும் தின்னும். மூன்று வருடம் சாதாரணமாக உயிர் வாழும். ஈரம் இருந்தால் மாதக்கணக்கில் சாப்பாடு இல்லாமல் கிடக்கும். அயலில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பெடியன் இன்னொன்றும் சொன்னான்: இந்தக் குடும்பத்தில் ஒன்றுக்கு லின்னேயஸ் 1758இல் வைத்த பெயர் லெப்பிஸ்மா சக்கரினா, சக்கரினா என்றால் சீனியாம். ஆள் பெயருக்கு ஏற்றதுபோல நடக்கும். மா, கஞ்சி, பசை, சீனி, இவைதான் அதற்கு விருப்பம். தாள் என்பது பசைக்குத் தொட்டுக்கொள்ளும் சாப்பாடு.

அதனால்தான் புத்தகத்தின் முதுகை முதலில் பிடிக்கும். நாங்கள் முதுகுக்குப் பூசியது கோதுமை மாப்பசை. பெரியவர் பசை காய்ச்சுவதைப் பார்க்க வேண்டும். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கண்ணாடி மாதிரி வரும்வரை கிண்டி, இறக்குகிற நேரம் துரிசைப் பொடித்து ஒரு சிட்டிகை போடுவார். மயில்துத்தம் என்றும் சொல்வார்கள். பசை இளநீலமாக மாறும். துரிசு நஞ்சு; பசைக் கையை வாயில் வைத்தால் பிடரியில் ஒன்று விழும். அப்படிக் கட்டிய பேரேடுகளில் ஒன்றை, ஐம்பது வருடத்துக்குப் பிறகு, ஒரு கடைக்காரர் வீட்டில் பார்த்தேன். முதுகு அப்படியே இருந்தது. தாள்தான் மஞ்சளித்துவிட்டது. இப்போது யார் துரிசு போடுகிறார்கள்? வீட்டில் யாரும் போடவும் வேண்டாம், பிள்ளைகள் புழங்குகிற இடம். பழைய வேலையைச் சொன்னேன், அவ்வளவுதான்.

இனிப் பைக்கு வருகிறேன்.

எங்கள் வயதுக்காரர் வீடுகளில் ஒரு பை இருக்கும். உறுதிப் பை என்று நாங்கள் சொல்வோம்; உறுதி என்றால் காணிப் பத்திரம். 1995 ஒக்டோபர் 30 அன்று போருக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது, சட்டி பானையை விட்டுவிட்டு வந்தவர்களும் அந்தப் பையை விடவில்லை. எங்கள் பை ஒரு தடித்த சொப்பிங் பாக், அதன் மேல் இன்னொன்று. உள்ளே மனைவியின் சீதன உறுதி, எங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், விவாகப் பதிவு, மகளின் சாதகக் குறிப்பு, கலியாணப் படம், மாமனாரின் கல்வெட்டு. நான்தான் கட்டிய கல்வெட்டு. நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் நெருக்குப்பட்டு நின்ற நேரம் மழை. மனைவி பையைச் சேலைக்குள் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். மீசாலையில் ஒரு வீட்டு விறாந்தையில் தங்கியிருந்த ஆறு மாதமும் அது தலைமாட்டில்தான். 96 சித்திரையில் திரும்பி வந்த பிறகும் அவிழ்க்கவில்லை. ஏன் அவிழ்க்க வேண்டும், நாளைக்கு மறுபடி ஓடச் சொன்னால்? 2006இல் மறுபடி சண்டை தொடங்கிக் கண்டிப் பாதை பூட்டியபோது அதற்கு மேல் மூன்றாவது பையைப் போட்டு முடிச்சை இறுக்கினேன். எல்லாம் ஓய்ந்த பிறகு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியதை றங்குப்பெட்டிக்குள் வைத்தோம். பெட்டி அறை மூலையில், சுவரோடு சுவராக, நிலத்தில்.

இந்த ஆனியில் மகள் கனடாவிலிருந்து எடுத்தாள். வருகிற வருடம் எங்களுக்குக் கலியாணமாகி ஐம்பது வருடம். பழைய படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாள். முடிச்சு வரவில்லை, கத்தரித்தேன்.

முதலில் மணம் வந்தது. ஊறப்போட்டு மறந்த அரிசியின் மணம். பிறகு அவை வந்தன. பையை மேசையில் கவிழ்த்ததும் நாலா பக்கமும் வெள்ளிக் கோடுகளாக ஓடின. மனைவி தும்புத்தடியை எடுக்க ஓட, நான் வெறுங்கையால் அடித்தேன். கலியாணப் படத்தில் கீழ்ப்பாதி போய்விட்டது. பழைய படங்களின் மேற்பூச்சு செலற்றின், அதுவும் அதற்குப் பிடித்த சாப்பாடுதான். மனைவி படத்தைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ர கூறையின்ர கரையைத்தான் திண்டிருக்கு. உங்கட வேட்டியைத் தொடவும் இல்லை." ஐம்பது வருடத்துக் கணக்கு அந்த ஒரு வசனத்தில் இருந்தது. கல்வெட்டில் மாமனாரின் தேவாரப் பக்கங்கள் தப்பிவிட்டன, மினுக்குத் தாளில் அச்சடித்த படப்பக்கம் சல்லடை.

உறுதிக்கு நடந்ததுதான் பெரிய பகிடி. நாலாக மடித்திருந்தது. மடித்த நிலையில், முத்திரை ஒட்டிய இடத்துக்கு நேர்முன்னே எல்லைகள் எழுதிய பந்தி வந்திருக்கிறது. முத்திரையின் பசையைத் தேடி வந்தவர் எதிர்த்தாளையும் சேர்த்துத் தின்றுவிட்டார். வடக்கு ஒழுங்கை, சரி. மேற்கு, தெற்கு, இரண்டும் முழுசாக இருக்கின்றன. கிழக்கு என்ற சொல் இருக்கிறது, அதற்குப் பிறகு ஐந்து சதம் அளவில் ஓர் ஓட்டை, பிறகு "க்குச் சொந்தமான காணியும்" என்று முடிகிறது. இரண்டு பரப்புக் காணியில் ஒரு வேலிக் கதியால் ஓரடி நகர்ந்தால் மூன்று தலைமுறை முகம் பார்க்காத ஊரில், என் கிழக்கெல்லையைப் பூச்சி தின்றுவிட்டது.

யார் பிழை? ஆறாறு மாதத்துக்கு ஒருமுறை கொட்டிலில் அடுக்குகளைப் பிரித்துத் தட்டிக் காற்றுக் காட்டியவன் வீட்டில் முப்பது வருடம் முடிச்சை அவிழ்க்கவில்லை. பொலித்தீன் மழையைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் நாவற்குழியில் நனைந்த ஈரத்தையும் அது உள்ளேயே தடுத்து வைத்தது. எங்கள் வீடுகள் சுண்ணக்கல்லில் நிற்பவை, மாரியில் சுவர் அடியிலிருந்து இடுப்பளவுக்கு ஈரம் ஏறும். அதில் இரும்புப் பெட்டியைச் சாய்த்து வைத்தால் உட்புறம் வியர்க்கும். பெட்டி அடியில் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று பழைய பேப்பர் விரித்திருந்தோம் (தங்கள் பத்திரிகைதான், மன்னிக்கவும்). தாளும் பசையும் ஈரமும் இருட்டும் ஆள் நடமாட்டம் இல்லாத அமைதியும் சேர்ந்தால் அந்தப் பூச்சிக்கு வேறு என்ன வேண்டும். பைக்குள் ஈரம் நிற்கிற வரைக்கும் மேலே உருண்டையைக் கொட்டி என்ன பயன்?

ஒரு கம்பனியில் சொல்லி மருந்தடித்தும் பார்த்தேன். இரண்டு பெடியள் வந்து சுவர் ஓரமெல்லாம் அடித்தார்கள், பல்லிகள்தான் முதலில் செத்தன. இரவில் வெள்ளிப்பூச்சி பிடித்துத் தின்னும் பல்லியைக் கொன்றுவிட்டுப் பூச்சிக்கு மருந்தடித்தேன் என்று சொல்ல எனக்கே வெட்கம். ஆறு கிழமையில் பூச்சி திரும்பி வந்தது.

பிறகு எனக்குத் தெரிந்த வழிக்குப் போனேன். கடுதாசிகளை ஒவ்வொன்றாக விரித்து, பனையோலைப் பாயில், விறாந்தை நிழலில் போட்டேன். வெயிலில் போடக்கூடாது, தாள் முறுகும், மை மங்கும். சோளகம் வீசிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு கல். பழைய மாப்பூசும் தூரிகையால் மடிப்புகளைத் தட்டினேன், முட்டை இருப்பது மடிப்பிலும் தையலிலும்தான். அதன் பிறகு குளிர்ப்பெட்டி. இது கொட்டில் காலத்தில் இல்லாத வித்தை. ஆவணங்களைப் புதுப் பொலித்தீனில் காற்றுப் போகாமல் ஒட்டி, மேலே ஐஸ் கட்டும் பெட்டிக்குள் இரண்டு கிழமை வைத்தேன். நல்ல குளிர்ப்பெட்டி சைபருக்குக் கீழே 18 பாகை வரைக்கும் போகும், முட்டையும் தப்பாது. இடையில் கரண்ட் நீண்ட நேரம் நின்றால் நாட்களை முதலிலிருந்து எண்ண வேண்டும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கவும் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்தால் வியர்வை பையின் வெளிப்பக்கம் படியும், தாளில் படியாது. "இஞ்சேருங்கோ, திருக்கைக்குப் பக்கத்தில என்ர சீதன உறுதியோ?" என்று மனைவி இரண்டு கிழமையும் கேட்டுக்கொண்டிருந்தார். உறுதியில் இன்றைக்கும் திருக்கை மணக்கவில்லை என்பதைத் தங்கள் பத்திரிகை மூலம் பதிவு செய்கிறேன்.

வீட்டில் மிஞ்சியவற்றுக்கு ஜாம் போத்தல். வெளிப்பக்கம் முழுவதும் தாள் ரேப் சுற்ற வேண்டும், உள்ளே ஒரு துண்டு பாண். சொரசொரப்பான வெளிப்பக்கத்தால் ஏறி உள்ளே விழுந்தவர் வழுவழுப்பான கண்ணாடியில் திரும்ப ஏறமாட்டார். முதல் இரவு பதினொன்று, அடுத்தது ஏழு, பிறகு நாலு. இப்போது கிழமைக்கு ஒன்று. ஒருவரும் விழாத நாளில் பாணை மட்டும் எறும்பு தின்கிறது.

வேப்பிலை போடலாமா என்று கேட்பவர்களுக்கு: பச்சை இலையை யாரும் போட வேண்டாம், அதோடு ஈரத்தையும் சேர்த்துத்தான் பெட்டிக்குள் வைக்கிறீர்கள். நிழலில் சருகாகக் காய்ந்ததைத் துணியில் முடிந்து வையுங்கள். எங்கள் பெரியவர் வசம்புத் தூளைப் பொட்டலம் கட்டி மூலைக்கொன்றாக வைப்பார். அந்த வாசத்துக்குப் பூச்சி ஒதுங்கும், ஆனால் ஈரம் ஒதுங்காது. பெட்டியை இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் விலக்கி வைத்தது எனக்கு வசம்பைவிட அதிகம் உதவியது. சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சின்ன ஈரமுறிஞ்சிப் பைகளையும் எறியாமல் சேர்க்கிறேன். உறுதியை லமினேற் பண்ணச் சொல்லி ஒரு கடைக்காரர் ஆலோசனை தந்தார். கும்பிட்டுவிட்டு வந்தேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பிறகு எந்தக் கட்டுக்காரனாலும் பிரிக்க முடியாது.

கல்வெட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் பேரன் பேத்தி பெயர்களும் வம்சாவளியும் இருக்கும், வேறெங்கும் இராது. பூச்சி தொட முதல் கொண்டுபோய் நூலக நிறுவனத்தாரிடம் கொடுத்துப் பிரதி எடுப்பியுங்கள். 2005இலிருந்து எங்கள் ஆக்களின் அச்சுப் பொருட்களை மின்வருடி இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

தங்களிடம் கேட்பது இதுதான். நல்லூர்த் தேர் முடிந்துவிட்டது. சோளகம் ஓய்ந்து வாடை திரும்ப இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. ஐப்பசி மழை விழுந்தபிறகு பெட்டியைத் திறந்து காயவைக்க வெயிலும் இராது, காற்றும் இராது. ஆகவே அந்த மூன்று வரிக் குறிப்புக்கு வருகிற ஞாயிறே ஒரு திருத்தம் போடுங்கள். உருண்டையை எடுத்துவிட்டு, "உறுதிப் பையை அவிழ்த்து நிழலில் காற்றுக் காட்டுங்கள்" என்று போட்டால் போதும். நவராத்திரிக்குச் சரசுவதிக்கு முன்னால் புத்தகம் அடுக்கும்போது அந்தப் பையையும் கொண்டுவந்து அவிழ்க்கலாம். இனி ஓட வேண்டிவராது என்று நான் சொல்லவில்லை. ஓட வேண்டி வந்தாலும் எழுத்து இருக்கிற கடுதாசியோடு ஓடுவோமே.

என் உறுதி விடயம் அவ்வளவு மோசமில்லை. நொத்தாரிசு முடிக்கிற உறுதியின் இணைப்பிரதி ஒன்று காணிப் பதிவகத்தில் இருக்கும். இலக்கமும் திகதியும் பூச்சி தொடாத பக்கத்தில் இருந்ததால் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். அது கைக்கு வரும்வரை இந்தக் கடிதத்தின் கீழ் என் பெயரைத் தயவுசெய்து போட வேண்டாம். கிழக்கு வீட்டுக்காரரும் தங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்.

இங்ஙனம்,
இளைப்பாறிய புத்தகக் கட்டுக்காரன்,
கோண்டாவில்.